கேள்வி-பதில்: லாக் மூடும் நேரம் பார்த்துப் படகு எடுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை. திங்கள் மதியம் முதல் வெள்ளி காலை வரை, நான்கு இரவுக்கு, பிரான்ஸ்டனில் ஒரு நாரோபோட் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான படகு) வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். நாங்கள் இருவர், என் அம்மா, இரண்டு பிள்ளைகள். ஃபாக்ஸ்டனில் பத்து லாக்குகள் படிக்கட்டு போல இருக்கின்றனவாம், அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. ஆனால் வழியில் லாக்குகளுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். நாட்கள் போதுமா? முன்பணம் இன்னும் கட்டவில்லை. (ஒரு வாசகி, ஹாரோ)

பதில்: கட்டாதது நல்லதாகப் போயிற்று. தோழி சொன்னது சரி. படகை எடுங்கள், ஃபாக்ஸ்டனை இந்த முறை விட்டுவிடுங்கள்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, மதகைத் திறந்தால் தண்ணீர் ஏறும், கூடவே படகும் ஏறும். இங்கிலாந்தில் பெரும்பாலான லாக்குகளை எந்த நேரத்திலும் நாமே இயக்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வழியில் இருக்கும் வாட்ஃபோர்ட், ஃபாக்ஸ்டன் இரண்டும் அப்படியல்ல. கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டின் காவலர்கள் அங்கே நின்று வரிசைப்படி விடுவார்கள், மாலையில் பூட்டிவிடுவார்கள். (ஹாரோக்காரர்கள் குழம்ப வேண்டாம். இது உங்களுக்குப் பக்கத்து வாட்ஃபோர்ட் இல்லை, நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள கிராமம்.)

இப்போது கணக்கைப் பார்ப்போம். படகுக்காரர்கள் ஒரு லாக்கை ஒரு மைலாக வைத்துக் கூட்டுவார்கள். கால்வாயில் வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான். கரையோரம் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைக்க வேண்டும். புதியவர்கள் மணிக்கு மூன்று என்று வைத்துக்கொள்வது பத்திரம். பிரான்ஸ்டனிலிருந்து ஃபாக்ஸ்டன் உச்சி வரை சுமார் 27 மைல். இடையில் பிரான்ஸ்டனில் 6 லாக், வாட்ஃபோர்டில் 7. ஆக 40. போக வர 80. மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 27 மணி நேரம். ஃபாக்ஸ்டனில் இறங்கி ஏறாமலே இவ்வளவு!

உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? திங்களன்று படகை ஒப்படைத்து, ஓட்டச் சொல்லிக்கொடுத்து, உயிர்காப்பு அங்கி மாட்டிப் பார்த்துக் கிளம்பவே நான்கு மணி ஆகிவிடும். அன்று மூன்று மணி நேரம். அப்புறம் மூன்று நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம். மொத்தம் அதே 27. வெள்ளியன்று காலை ஒன்பதுக்குள் படகைத் திருப்பித் தரச் சொல்வார்கள் என்பதால் அந்த நாள் கணக்கிலேயே வராது. காகிதத்தில் சரியாக வருகிறது, இல்லையா? மழை, சமையல், அம்மாவின் முழங்கால், எதிரே வரும் படகு எதற்கும் அதில் இடமில்லை.

அதைவிட முக்கியம், திரும்பும் நாள். எல்லோரும் போகும்போது லாக் நேரம் பார்க்கிறார்கள். போகும்போது தாமதமானால் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் போகலாம். வரும்போது அப்படி முடியாது. ஃபாக்ஸ்டனுக்கும் வாட்ஃபோர்டுக்கும் நடுவே சுமார் இருபது மைலுக்கு ஒரு லாக்கும் இல்லை, கால்வாய் ஒரே மட்டமாக மேட்டில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பூட்டினால் நீங்கள் மேலே மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அதனால் திட்டத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வெள்ளி காலை படகு பிரான்ஸ்டனில் நிற்க வேண்டும் என்றால் வியாழன் இரவே அங்கே வந்துவிட வேண்டும். அதற்கு வியாழன் நண்பகலுக்குள் வாட்ஃபோர்டில் இறங்கியிருக்க வேண்டும்.

வாசலில் எழுதியிருக்கும் மூடும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். ஏழு லாக்குகளைக் கடக்கவே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது என்பதால் கடைசிப் படகை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். லாக்குகள் ஏழடி அகலம். ஒரு கூட்டம் ஏறி முடித்த பிறகுதான் எதிர்க் கூட்டம் இறங்கும், ஆகஸ்டில் வரிசை நீளும். ஒருமுறை நான் இருபது நிமிடம் பிந்தி வந்தேன். கதவில் சங்கிலி தொங்கியது, காவலர் வீட்டுக்குப் போயிருந்தார். தவறு என்னுடையதுதான், வழியிலுள்ள கிரிக் கிராமத்தில் இரண்டாவது டீ குடிக்காமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் எம்1 நெடுஞ்சாலை, ஏ5 சாலை, ரயில் பாதை, கால்வாய் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. இரவு முழுக்க லாரிச் சத்தம். அலமாரியில் தட்டுகள் கிணுகிணு என்று ஆடிக்கொண்டே இருந்தன.

உங்களுக்கு என் யோசனை: திங்கள் மாலை பிரான்ஸ்டனின் ஆறு லாக்குகளையும் 2,042 கெஜ நீளச் சுரங்கத்தையும் தாண்டி கால்வாய் பிரியும் நார்டன் சந்திப்புப் பக்கம் படகைக் கட்டுங்கள். செவ்வாய் காலை வாட்ஃபோர்டில் ஏறி, கிரிக் சுரங்கம் வழியாக யெல்வர்டாஃப்ட் கிராமம் வரை மெதுவாகப் போங்கள். புதனன்று திரும்புங்கள். நீளமான படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது, அதற்கென்று கரையை அகலமாக வெட்டிய இடங்கள் உண்டு, வரைபடத்தில் முதலிலேயே குறித்து வையுங்கள். போக வர 17 மணி நேரம்தான். ஃபாக்ஸ்டனைக் காரில் போய்ப் பாருங்கள். கரையில் நின்று பார்த்தாலும் அழகுதான்.

கேள்வி: 2025 கோடையில் லீட்ஸ் - லிவர்பூல் கால்வாயில் ஒரு வாரத்துக்குப் படகு பதிந்திருந்தோம். வறட்சியால் கால்வாயின் ஒரு பகுதியை மூடிவிட்டார்கள். நிறுவனம் பணம் தரவில்லை, திறந்திருக்கும் குறுகிய பகுதியில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றது. இந்த ஆண்டும் பதியலாமா? (ஒரு வாசகர், பிராட்ஃபோர்ட்)

பதில்: பதியலாம், ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வாடகை படகுக்குத்தான், வழித்தடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். படகையே தர முடியாமல் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். படகு தயார், வழிதான் பாதி என்றால் வாதாட வேண்டிவரும். அங்கே உதவுவது எழுத்து. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நிறுவனம் சேவையைப் பற்றிச் சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. எனவே, ‘பிங்லி ஐந்தடுக்கு லாக் வரை போய் வருவதற்காகத்தான் எடுக்கிறோம், அது மூடப்பட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் அது பதில் இல்லை.

14 நாளில் ரத்து செய்யலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். குறிப்பிட்ட தேதிக்கான விடுமுறைப் பதிவுகளுக்கு அந்த உரிமை கிடையாது. கடன் அட்டையில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை உள்ளவற்றுக்கு ஒப்பந்த மீறல் நடந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் அட்டை நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: லாக் காவலர் இல்லாத நேரத்தில், மதகைத் திருப்பும் கைப்பிடி நம்மிடமே இருக்கிறதே, நாமே திறந்து போனால் என்ன? (ஒரு வாசகர், லெஸ்டர்)

பதில்: வேண்டாம். படிக்கட்டு லாக்கில் மேல் தொட்டித் தண்ணீர் கீழ்த் தொட்டிக்குள் போகிறது, வரிசை தப்பினால் வெள்ளம் கரைமேல் ஏறும், அல்லது படகு தரைதட்டும். ஃபாக்ஸ்டனில் மதகுகளுக்குச் சிவப்பு, வெள்ளை என்று வண்ணம் அடித்திருப்பார்கள். முதலில் சிவப்பு, பிறகுதான் வெள்ளை. காவலர் பக்கத்தில் நின்று சொல்லும்போதே சிலர் மாற்றித் திறக்கிறார்கள். ஒருமுறை லாக்கை இயக்கினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போய்விடும், வறண்ட கோடையில் இரவில் பூட்டுவதற்கு அதுவும் காரணம். கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு, காலையில் கதவு திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள்.