இரண்டு எண்களில் எது அணு எண்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் தனிம வரிசை அட்டவணையின் 118 தனிமங்களையும் மனப்பாடம் செய்யப் பார்க்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்கிறாள். எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் 20 போதும். முழு எண்ணாக இருப்பது அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. பெரும்பாலும் தசமப் புள்ளியுடன் இருப்பது அணு நிறை. குளோரினுக்கு 17, 35.45. அணு நிறை என்பது ஏறக்குறைய புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை என்றால், அரை நியூட்ரான் எப்படி வரும் என்று பிள்ளைகள் திகைப்பது இங்கேதான். இயற்கையில் குளோரின் அணுக்களில் சுமார் 76 விழுக்காடு நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் கூட்டுத்தொகை) 35 கொண்டவை, மீதி 37 கொண்டவை. 35.45 என்பது அவற்றின் சராசரி.

அடுத்து இடம். கிடைவரிசையின் எண், எலக்ட்ரான் கூடுகள் எத்தனை என்று சொல்லும். தொகுதி (செங்குத்து வரிசை) எண் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைச் சொல்லும்: 1, 2 தொகுதிகளில் அப்படியே, 13 முதல் 18 வரை பத்தைக் கழித்து. குளோரின் மூன்றாம் வரிசை, 17ஆம் தொகுதி. ஆகவே 3 கூடுகள், வெளியே 7 எலக்ட்ரான்கள். ஹீலியம் மட்டும் விலக்கு. அதனிடம் இருப்பதே இரண்டுதான். நடுவிலுள்ள 3 முதல் 12 வரையான தொகுதிகளில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே போட்டுப் பார்க்க விடாதீர்கள்.

ஆர்கான் (39.95) பொட்டாசியத்துக்கு (39.10) முன்னால் நிற்பது அச்சுப்பிழை அல்ல. ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை நிறையை வைத்து அடுக்கினார். 1913இல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் ஆய்வு, அணு எண்ணே அடிப்படை என்று காட்டியது.