மூடி போட்டு எடுத்த கறுப்புப் படம் போதுமா?

அன்புள்ள சார்,

செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துகளைப் படம் எடுத்து வருகிறேன். விடிய விடிய நடக்கும் ஆட்டம். இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுத்தாக வேண்டும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-க்குக் கீழே இறங்க முடிவதில்லை. திருத்துவது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில். அதில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைக்கும் பகுதியைத் திறந்தால் என் கேமராவின் நாய்ஸை அளந்து வைத்த புரொஃபைல் இல்லை, பொதுவான ஒன்றை அதுவே போட்டுக்கொள்கிறது. நிழலில் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. அளவைக் கூட்டினால் முகத்து அரிதாரம் மெழுகாகிவிடுகிறது. நானே புரொஃபைல் செய்யலாம் என்று லென்ஸ் மூடியைப் போட்டு ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் கறுப்புப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அது போதுமா? நண்பர்கள் ஏஐ மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். பழைய ஜேபெக் படங்களுக்கும் இந்தப் புரொஃபைல் உதவுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. மூடி போட்ட படத்தில் கேமராவின் மின்சுற்று கிளப்பும் நாய்ஸ் மட்டுமே இருக்கும். படத்தில் நாம் பார்க்கும் நாய்ஸில் பெரும்பங்கு வெளிச்சத்தோடு சேர்ந்தே வருவது. மூடி போட்டால் அது உள்ளே வர வழியில்லை.

ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், வரிசை கட்டிக்கொண்டு சென்சாரில் விழுவதில்லை. சராசரியாக 10,000 விழும் இடத்தில் முன்னே பின்னே 100 இருக்கும். அதாவது சராசரியின் வர்க்கமூலம், நூற்றுக்கு ஒன்று. 100 மட்டும் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10. இது நூற்றுக்குப் பத்து. நிழல்தான் முதலில் கெடுகிறது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அதன் மேல் மின்சுற்றின் நாய்ஸும் சேருகிறது. வெளிச்சமான இடத்தில் அது தெரியாது, இருட்டில் நன்றாகத் தெரியும்.

புரொஃபைல் என்பது இந்த இரண்டையும் அளந்து எழுதிய இரண்டு எண்கள், a, b. நாய்ஸின் வேரியன்ஸ் (ஏற்ற இறக்கத்தின் வர்க்கம்) = a × ஒளி அளவு + b. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் தனியாக. உங்கள் மூடிப் படங்கள் சொல்வது b பற்றி மட்டும். டார்க்டேபிள் போட்டுக்கொண்ட பொதுப் புரொஃபைலோ நேர் எதிர். ஃபோட்டான் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் உத்தேசமாகப் போடுகிறது. நிழலில் புள்ளி நின்றதும், அதைத் துரத்தப் போய் அரிதாரம் மெழுகானதும் இதனால்தான்.

எண்கள் சரியாக இருந்தால் மென்பொருளுக்கு வேலை எளிது. ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1948-இல் சொன்ன உருமாற்றத்தை ஒட்டிய வழியில், நாய்ஸ் நிழலிலும் வெளிச்சத்திலும் ஒரே அளவாகிவிடும்படி படத்தை முதலில் மாற்றிக்கொள்ளும். குறைத்தபிறகு திருப்பி மாற்றிவிடும். முகத்துக்கும் பின்னணி இருட்டுக்கும் தனித்தனி அளவு நாம் தேட வேண்டியதில்லை.

சரி, படம் எடுக்கும் விதம். பகலில் ஓர் அறையை இருட்டாக்கி, ஒரு ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஒரே ஃபிரேமில் ஒரு பக்கம் முழுக்க வெளுத்துப்போக வேண்டும், மறுபக்கம் கறுப்பில் முடிய வேண்டும், நடுவில் எல்லாச் சாயலும் படிப்படியாக வர வேண்டும். வெளுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று நிறமும் உச்சத்தைத் தொட வேண்டும், பச்சை மட்டும் தொட்டால் பத்தாது. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி நன்றாகக் கலைத்துவிடுங்கள். சுவரின் சொரசொரப்போ திரைத்துணியின் இழையோ தெரிந்தால் கருவி அதையும் நாய்ஸ் என்று எண்ணிவிடும்.

முக்காலி, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலப் படம்), கேமராவின் நாய்ஸ் குறைப்பு வசதிகள் எல்லாம் ஆஃப். அபெர்ச்சரைத் தொடாதீர்கள். ஐஎஸ்ஓ ஒரு படி ஏறினால், அதாவது இரட்டிப்பானால், ஷட்டரும் ஒரு படி வேகமாகட்டும். 100-இல் 1/15 என்று தொடங்கினால் 25600-இல் 1/4000-க்கு வந்து நிற்பீர்கள். வேகமான ஷட்டரில் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் பட்டை பட்டையாகப் பதியும், அதனால்தான் பகல் வெளிச்சம் என்கிறேன். மேகம் ஓடாத நேரமாகப் பாருங்கள். (கூத்து மேடையிலும் இப்போது எல்லாம் எல்இடிதான். அங்கே பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கிப் பாருங்கள். புரொஃபைல் அதைச் சரிசெய்யாது.)

இடைப்பட்ட ஐஎஸ்ஓக்களை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை, பக்கத்து இரண்டை வைத்து டார்க்டேபிள் கணக்குப் போட்டுக்கொள்ளும். அப்புறம் அந்த ரா கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, டார்க்டேபிளோடு வரும் டார்க்டேபிள்-ஜென்-நாய்ஸ்புரொஃபைல் என்ற கருவியிடம் கொடுக்க வேண்டும். லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் வேலை சுலபம். வெளுப்போ கறுப்போ போதாத படத்தைப் பற்றி அது முறையிடும். அலட்சியப்படுத்தாமல் அந்த ஐஎஸ்ஓவை மறுபடி எடுங்கள். கடைசியில் வரைபடம் ஒன்றும் தரும். உருமாற்றத்துக்குப் பின் மூன்று நிறக் கோடுகளும் ஏறக்குறைய மட்டமாக ஓடினால் புரொஃபைல் தேறிவிட்டது. ஒரு முனை வளைந்து தொங்கினால் அந்தப் பக்கத்து வெளுப்போ கறுப்போ போதவில்லை.

நல்லதாக வந்தால் கோப்புகளை டார்க்டேபிள் திட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள். புரொஃபைல்கள் கேமரா மாடலுக்கு மாடல் சேர்க்கப்படுபவை. அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவர் ஜன்னலைத் தேடி அலைய வேண்டாம்.

பயன்படுத்தும்போது நிறப் புள்ளிகளைத் தாராளமாகக் குறைக்கலாம், ஒளிப் புள்ளிகளில் கை அடக்கமாக இருக்கட்டும். துரியோதனன் வேஷத்தின் புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் கொஞ்சம் சொரசொரப்போடு இருந்தால்தான் சில்லாகத் தெரிகின்றன. ஏஐ மென்பொருளை நான் வெறுக்கவில்லை, சில படங்களில் அது அபாரம். ஆனால் அரிதாரத்தின் மேல் வேர்வை ஓடிய கோடு இருக்கும் இடத்தில் அது வழவழப்பான தோலைத் தானாக வரைந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கூத்துப் படத்துக்கு அது எனக்கு ஒப்பவில்லை.

ஜேபெக்குக்கு இந்தப் புரொஃபைல் உதவாது. கேமரா அதற்குள் காமா வளைவு, ஷார்ப்பனிங், சுருக்கம் எல்லாம் செய்து முடித்திருக்கும், நாம் அளந்த a, b அங்கே செல்லாது. அந்தப் படங்களுக்குச் சாதாரண நாய்ஸ் குறைப்புப் பகுதியில் நிறத்தை மட்டும் லேசாகக் குறைத்து விட்டுவிடுங்கள். ரா கோப்பு இருக்கும் பழைய படங்கள் என்றால் கவலையில்லை, புதுப் புரொஃபைலை அவற்றுக்கும் போடலாம்.