ஈயம் வார்த்த கொல்லைக்குக் கரி போதுமா? கேள்விகளும் என் பதில்களும்

கெட்டுப்போன மண்ணில் பயோசார், அதாவது காற்றை மட்டுப்படுத்திச் சுட்ட கரியைக் கலந்தால் ஈயம், காட்மியம் மாதிரி நச்சுள்ள கன உலோகத்தைக் கட்டலாம் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தேவிபட்டினம்: அப்பா இருபது வருசம் கொல்லையில் மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு வார்த்தார். அங்கே கீரை போட ஆசை. கரி போட்டால் ஈயம் போய்விடுமா?

போகாது. கரி ஈயத்தை வெளியே எடுக்காது, இருக்கிற இடத்திலேயே பிடித்துவைக்கும். பத்து வருசம் கழித்துச் சோதித்தாலும் மொத்த ஈயம் அதேதான். வேருக்கும் வயிற்றுக்கும் எட்டுகிற பங்குதான் குறையும்.

அடுப்பு இருந்த இடத்தை லேசாக நனைத்துக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாக உறைந்த ஈயம் கிடைக்கும். கையுறை போட்டு அதைப் பொறுக்கிவிடுங்கள். கரியெல்லாம் அப்புறம்.

ஈயத்துக்குச் சரியான ஜோடி பாஸ்பேட். இரண்டும் சேர்ந்தால் பைரோமார்பைட் என்ற, எளிதில் கரையாத கனிமம் உண்டாகும். அமெரிக்காவின் ஓக்லாண்டில் ஒரு குடியிருப்பு மண்ணில், பாஸ்பேட் நிறைந்த மீன் எலும்புத் தூளைக் கலந்தே ஈயத்தைக் கட்டினார்கள். நம் கரையில் மீன் முள்ளுக்கா பஞ்சம்? உப்புப் போகக் கழுவி, காயவைத்து, மிதமான சூட்டில் கரியாக்கிக் கலந்தால் அதுவும் மேம்படுத்திய பயோசார்தான். பி.எச்., அதாவது மண்ணின் புளிப்பு-கார அளவு, 8ஐத் தாண்டும் கார மண்ணில் முள் கரைய நாளாகும், அதனால் மாவாக இடியுங்கள்.

கீரை மட்டும் வேண்டாம். இலையில் ஒட்டும் புழுதியோடுதான் ஈயம் வாய்க்குப் போகிறது. வெண்டை, கத்தரி, முருங்கைக்காய் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் நல்ல மண்ணை ஒரு சாண் கொட்டி மூடிவிடுங்கள்.

தொண்டி: பழைய பூச்சிமருந்துக் கிடங்கு இருந்த இடம். ஆர்செனிக் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நானும் மீன் முள் போடலாமா?

ஐயையோ, வேண்டாம். ஈயத்தைக் கட்டும் அதே பாஸ்பேட் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும். மண்ணில் இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டிபோடுபவை. சாதாக் கரியும் பி.எச்.சை ஏற்றி ஆர்செனிக்கை இளக்கலாம். உங்களுக்கு வேண்டியது இரும்பு ஏற்றிய கரி. இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சுடுவார்கள். அதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், ஆசிட் வேலை.

எந்த உலோகம் என்று தெரியாமல் கரி போடாதீர்கள். இன்னும் நாலு தடவை இதையே சொல்லப்போகிறேன்.

சாயல்குடி: விறகை மண்ணால் மூடிக் கரி சுடும் மூட்டத்தைப் பிரித்ததும் மிஞ்சும் கரித்தூள் மலிவு. அப்படியே போடலாமா அண்ணே?

சலித்து, இரண்டு தண்ணீரில் அலசிப் போடுங்கள். மூட்டத்தில் சுடுவது சீமைக்கருவேலம்; உவர் நிலத்தில் வளர்ந்தது உப்பைச் சேர்த்துவைத்திருக்கும். அதோடு சாம்பல் வேறு. மண்ணின் எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், அரையடி ஆழத்துக்கு, சென்ட்டுக்குச் சுமார் 80 கிலோ, ஏக்கருக்கு 8 டன் ஆகும். மிளகாய்க் காடு முழுக்கப் போடச் சொல்லவில்லை, கெட்ட இடத்துக்கு மட்டும்.

கீழக்கரை: கிணறு உப்பு. மண்ணில் காட்மியம் கொஞ்சம் கூடுதல். கரி கேட்குமா?

பாதிதான் கேட்கும். உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணில் ஒட்டவிடாது, வேர் எளிதாக உறிஞ்சும். முதலில் தண்ணீரை மாற்ற வழி பாருங்கள்.

கமுதி: கரிக்கு மவுசு ஏற்றினால் சீமைக்கருவேலம் எந்தக் காலத்தில் ஒழியும்?

இதற்கு நான் வாய் திறப்பதற்குள் முதுகுளத்தூர் மூட்டக்கார அண்ணன் ஒருவர் வந்துவிட்டார்: “ஒழிச்சிட்டு எங்க வீட்டு உலைக்கு நீங்க அரிசி போடுவீங்களா?” கமுதிக்காரர் விடவில்லை. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது என்றார். அண்ணன், “வெட்டுனது நாங்க, துளிர்த்தது அதுவா” என்றார். இப்படியே முப்பது பதில்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் அண்ணன் சொன்னதில் ஒரு உண்மை: தூரோடு பிடுங்காமல் வெட்டினால் மரம் புதராகிறது, ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்புகிறது. கரிக்காக வெட்டுவதும் ஒழிப்பதும் ஒன்றல்ல. தூரைப் பிடுங்கி அதையும் மூட்டத்தில் போட்டால் கூலி கட்டுமா? கட்டாது என்கிறார் அண்ணன். கணக்கு அவருடையது, நம்புகிறேன். போதும், கரிக்கு வருவோம்.

மண்டபம்: படகுப் பெயிண்ட் சுரண்டிய இடம்?

தாமிரம் இருக்கும். சாதாக் கரியே நன்றாகப் பிடிக்கும். பெயிண்ட் அடித்த பழைய பலகையைச் சுட்டுக் கரியாக்காதீர்கள்.

ஏர்வாடி: எவ்வளவு கரி போடணும்?

மேலே சென்ட் கணக்கு இருக்கிறது. எந்த உலோகம்?

திருப்புல்லாணி: மண் பரிசோதனை செய்தாச்சு, எல்லாம் சரி என்றார்கள்.

பயிருக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்து மட்டும் பார்த்திருப்பார்கள். ஈயமும் காட்மியமும் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

பெரியபட்டினம்: டயரைச் சுட்டாலும் கரிதானே?

இல்லை.

தேவிபட்டினம், மறுபடியும்: கிளறினேன் அண்ணே. ஒரு டம்ளர் ஈயம் கிடைத்தது. குண்டு வார்த்துக்கொள்ளலாமா?

பழைய இரும்புக் கடையில் போடுங்கள். அந்தக் கொல்லையில் இனி அடுப்பு மூட்ட வேண்டாம்.