டைமண்டுக்குப் போன சீட்டுப் பணம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டை. வீட்டுக்காரர் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக் கொடுக்கிறேன். மகன் ஏழாவது படிக்கிறான், என் போனில்தான் கேம் விளையாடுவான். என் கை வேலையாக இருக்கும்போது பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் அவன்தான் போனில் பணம் போடுவான், அதனால் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். சீட்டுக் கட்டப் போன அன்றுதான் பார்த்தேன், இரண்டு மாதத்தில் 9,452 ரூபாய் போயிருக்கிறது. கேமில் 79 ரூபாயாக 28 தடவை, 159 ரூபாயாக 16 தடவை, 799 ரூபாயாக நான்கு தடவை. அதில் ஒரு 799-க்கு டைமண்ட் (கேமுக்குள் செலவு செய்யும் பணமாம்) வரவே இல்லை என்கிறான். பாதி விலைக்கு டைமண்ட் தருவதாக ஆன்லைனில் சொன்ன ஒருவனுக்கு 1,500 அனுப்பி, அதுவும் போச்சு. கேம் கம்பெனிக்கு எழுதினால், வாங்கியதைப் பயன்படுத்திவிட்டீர்கள், பணம் தர முடியாது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கேமை அழித்த பிறகும் போன வாரம் ஒரு 159 போயிருக்கிறது. ஆத்திரத்தில் பையனை அடித்துவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. கேமையெல்லாம் அரசாங்கம் தடை செய்துவிட்டது, போலீஸ் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என் மகன் திருடனாகிவிட்டானா அக்கா?

– பெயர் வெளியிட வேண்டாம், சேலம்.

பதில்: அன்புத் தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் மகன் தப்புச் செய்திருக்கிறான், கேட்காமல் எடுத்திருக்கிறான். ஆனால் 9,452 ரூபாயை எடுத்தவன் இல்லை அவன். எவ்வளவு போனது என்று இப்போது கேட்டுப் பாருங்கள், "ஒரு ரெண்டாயிரம் இருக்கும்மா" என்பான். பொய் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அவனுக்கு நிஜமாகவே தெரியாது. கேமுக்குள் இருக்கும் அந்தக் கடையைக் கட்டியிருப்பதே அவனுக்குக் கணக்குத் தெரியக்கூடாது என்றுதான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் தம்பி குடும்பம் இருக்கிறது. போன மே மாதம் அங்கே போயிருந்தபோது, தம்பி மகனிடம் "அந்தக் கடையை ஒருதடவை திறந்து காட்டு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். திறந்ததும் கேமில் ஆடும் பொம்மைக்கு ஒரு சட்டை, அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஓடும் கடிகாரம், இன்னும் சில மணி நேரம்தான் என்று. சட்டையின் விலை ரூபாயில் இல்லை, டைமண்டில். அவனிடம் கொஞ்சம் டைமண்ட் மிச்சம் இருந்தது. "அஞ்சே அஞ்சு பத்தலை அத்தை" என்றான். அஞ்சு மட்டும் தனியாக விற்கமாட்டார்கள், நூறாகத்தான் வாங்கவேண்டும். வாங்கினால் மறுபடி மிச்சம் விழும், அந்த மிச்சம் அடுத்த சட்டைக்குக் கொஞ்சம் பத்தாமல் நிற்கும். அன்று மலையில் சிக்னல் வேறு வந்து வந்து போனது. பொத்தானை அழுத்தினான், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பொறுக்காமல் இன்னொரு தடவை அழுத்தப் போனான். நான் கையைப் பிடித்துவிட்டேன். "போன தடவை இப்படித்தான் ரெண்டு தரம் போச்சு" என்று அவனே சொன்னான்.

அதே கடையில், சுற்றினால் ஏதாவது ஒரு பரிசு விழும் சக்கரமும் இருந்தது. அதில் எது விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்று வாங்குவதற்கு முன்பே காட்டவேண்டும் என்பது ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் 2017 முதலும், கூகுள் பிளேயில் 2019 முதலும் விதி. எங்கே காட்டியிருக்கிறார்கள் என்று தேடினோம். ஓரத்தில் கடுகளவு ஒரு கேள்விக்குறி, அதற்குள்ளே மூன்று திரை தாண்டி இருந்தது. அவன் ஆசைப்பட்ட துப்பாக்கிக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புக்கூட இல்லை. அவன் முகம் சுருங்கிப்போனது. அத்தனை நாளும் அதை அவன் திறந்து பார்த்ததே இல்லை.

ரூபாய் எங்கே டைமண்டாக மாறுகிறதோ அங்கேதான் பிள்ளைகளின் பிடி நழுவுகிறது. நம் வீட்டில் 79 ரூபாய் என்றால் அவனுக்கும் தெரியும், அது என்ன விலை, எதை வாங்கலாம் என்று. டைமண்டுக்கு அப்படி ஒரு அர்த்தம் அவன் மனதில் இல்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் இதையேதான் கேட்டன. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் காட்டவேண்டும், வேண்டாத அளவு டைமண்ட் வாங்கும்படி தள்ளக்கூடாது என்று வழிமுறை வெளியிட்டன. பெரிய நாடுகளின் படித்த பெற்றோரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள் தங்கச்சி. ஒருதடவை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் பிள்ளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டுவைத்ததற்காக, 2014-ல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. நீங்கள் விவரம் தெரியாததால்தான் இப்படி ஆனது என்று உங்களை நீங்களே நோகவேண்டாம்.

இனி பணம். முழுவதும் திரும்பும் என்று நான் சொன்னால் அது பொய். கொஞ்சம் திரும்பலாம், அதற்கு இன்றைக்கே உட்காரவேண்டும்.

முதலில் அந்தப் போன வார 159. கேமை அழித்தால் சந்தா நிற்காது. ஏதோ மாதாந்தர மெம்பர்ஷிப்பில் அவன் சேர்ந்திருக்கிறான், யுபிஐ ஆட்டோபே வழியாக அது தானாகப் போகிறது. நீங்கள் பணம் போடும் செயலியில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோரிலும் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வரவேண்டும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் கேட்கமாட்டார்கள், அதனால் அந்தத் தகவல் ஒன்றுதான் நமக்கு எச்சரிக்கை. வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

பாதி விலைக்காரனுக்குப் போன 1,500 கேமோடு சேர்ந்த கணக்கு இல்லை. அது நேரடி மோசடி. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். இந்த மாதிரி விஷயத்தில் உடனே சொன்னால், போன பணத்தை அடுத்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. நாள் கடந்திருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். பையன் அவனிடம் கேம் பாஸ்வேர்டோ, ஓடிபியோ சொன்னானா என்று திட்டாமல் கேளுங்கள். சொல்லியிருந்தால் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும்.

டைமண்ட் வராத 799-ல்தான் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. வாங்கியதைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று கம்பெனி இதற்குச் சொல்ல முடியாது, பொருளே வரவில்லை. கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் உங்கள் மெயிலில் ரசீது இருக்கும், அதன் எண் ஜிபிஏ என்று தொடங்கும். வங்கிக் கணக்கில் அந்தப் பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். இரண்டையும் தேதி நேரத்தோடு எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து, இந்த ஒரு 799-ஐ மட்டும் தனிப் புகாராக அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டியதால்தான் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதற்கு மேல் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 799 ரூபாய்க்காக நேராக அங்கே போகச் சொல்லமாட்டேன், ஆனால் போக முடியும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

மற்றதெல்லாம் கடினம்தான். கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் அவர்களிடமே திரும்பக் கேட்கலாம், அது தாண்டினால் கேம் கம்பெனியைப் பார் என்பார்கள். ஆனாலும் வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டான் என்று கேட்பதற்கு அங்கே தனி வழி இருக்கிறது, அதில் போடுங்கள். யாரென்றே தெரியாதவர் என் கணக்கில் எடுத்துவிட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படிச் சொல்லச் சொல்லி யோசனை தருபவர்கள் நிறைய இருப்பார்கள். அது பொய், பிடிபட்டால் நியாயமான 799-ம் சேர்ந்து போகும். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பதையும் எழுதுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் கம்பெனி அதை எதிர்த்துப் பேசும், இருந்தாலும் எழுதவேண்டிய வரி அது. வங்கியிடம் இதற்காக அலையவேண்டாம். பின் நம்பரை நாமே சொல்லிக்கொடுத்த இடத்தில் நட்டம் நம்முடையது என்றுதான் அவர்கள் விதி சொல்லும்.

போலீஸ் வராது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அதிலும் தண்டனை நடத்துபவர்களுக்கும், விளம்பரம் செய்பவர்களுக்கும், பணத்தைக் கைமாற்றி விடுபவர்களுக்கும்தான், ஆடியவர்களுக்கு இல்லை. உங்கள் மகன் வாங்கியது பொம்மைக்குச் சட்டை. பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போனுக்குப் பூட்டுப் போடுவது பத்து நிமிட வேலை. யுபிஐ பின்னை மாற்றுங்கள், இனி அது உங்களுக்கு மட்டும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ் உள்ளே போனால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி வைக்கலாம். விரல்ரேகையால் திறக்கும்படி வைத்திருந்தால் அதில் அவன் விரலும் பதிந்திருக்கிறதா பாருங்கள், பல வீட்டில் இருக்கிறது. சீட்டுப் பணத்தை போனோடு இணைக்காத கணக்கில் வையுங்கள், போனில் இருப்பது பாலுக்கும் மளிகைக்கும் போதும் அளவு இருக்கட்டும்.

பையனிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் எனக்கு வலித்த இடம் அந்த மூன்று நாள்தான். நீங்களே முதலில் பேசுங்கள். அடித்தது தப்பு என்று சொல்லுங்கள், அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, வங்கிக் கணக்கைப் பார்த்து அவனையே எழுதச் சொல்லுங்கள். தேதி ஒரு பத்தி, ரூபாய் ஒரு பத்தி. மூன்றாவது பத்தியில், அந்த ரூபாய்க்கு நீங்கள் எத்தனை ஜோடி கொலுசுக்குச் சலங்கை வைக்கவேண்டும் என்ற எண்ணிக்கை. கணக்கை அவனே போடட்டும், நீங்கள் பக்கத்தில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். கேமில் போனது மட்டும் 48 வரி. பத்தாவது வரியிலேயே அவன் கை மெதுவாகும். அப்போது நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம், முழுவதும் எழுதி முடிக்கட்டும்.

கேமை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் சேருகிறார்கள், இவனை மட்டும் வெளியே நிறுத்தினால் வேறொரு போனைத் தேடிப் போவான். விளையாடட்டும், வாங்குவது மட்டும் இல்லை. வெறும் சட்டையோடு ஆடினால் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள் என்று அவன் சொல்லக்கூடும். அதைச் சின்ன விஷயமாக நினைக்காமல் காதுகொடுத்துக் கேளுங்கள். 79 ரூபாய்க்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சீட்டுக்காரர் வாயிலிருந்து அவருக்குத் தெரியக்கூடாது. பட்டறையிலிருந்து வந்ததும் வேண்டாம், சாப்பிட்டு முடித்து உட்காரட்டும். பின் நம்பரைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று நீங்கள் ஆரம்பியுங்கள், அப்புறம் பையன் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். ஆட்டோபேயை ரத்து செய்தாயிற்று, 1930-ல் பதிவு செய்தாயிற்று என்று கையில் இரண்டு வேலை முடிந்திருந்தால், அவருடைய கோபம் நிற்க ஒரு இடம் கிடைக்கும்.

அந்த 799-க்குப் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், 1915-க்கு என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அக்கா