டாலஸ் பக்கம் வீடு வாங்கும்போது இன்ஷூரன்ஸ் கணக்கு

தம்பி, மெக்கின்னியில் 4,80,000 டாலருக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், மாதத் தவணைக் கணக்கில் இன்ஷூரன்ஸுக்கு 150 டாலர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 150-ஐ நம்பி இறங்காதீர்கள். வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போட்ட உத்தேசம் அது. ஆலங்கட்டி மழை பெய்கிற இந்தப் பக்கத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு வந்தாலும் ஆச்சரியமில்லை.

வாங்கும் விலைக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதில்லை. விலையில் மனையும் சேர்ந்திருக்கிறது. வீடு எரிந்து போனால் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் காப்பீட்டுத் தொகை. 2,500 சதுர அடி, அடிக்கு 160 டாலர் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம். இனி எல்லாக் கணக்கும் இந்த 4 லட்சத்தை வைத்துத்தான்.

அப்புறம் கூரை. ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கூரை எந்த வருஷம் போட்டது என்பது. கூரை பழையதாக இருந்தால் பிரீமியம் ஏறும், அல்லது தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்று பாலிசியில் எழுதிவிடுவார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஏப்ரல் மாலை, எலுமிச்சை அளவில் ஆலங்கட்டி, இருபது நிமிஷம். மறுநாள் கூரைக்காரர் ஏணி போட்டு ஏறி, ஷிங்கிள் (கூரை மேல் பதிக்கும் ஓடு போன்ற தகடுகள்) மேல் சாக்பீஸால் பத்துக்குப் பத்து அடிக் கட்டம் போட்டு, அடிபட்ட இடங்களை வட்டமிட்டுப் படம் எடுத்துக் காட்டினார். கட்டம் முழுக்க வட்டம். மாற்ற 16,000 டாலர். என் பாலிசியில் காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டபிள், அதாவது கம்பெனி கொடுப்பதற்கு முன் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 2% என்று இருந்தது. சேதத்தில் 2%, அதாவது 320 டாலர்தானே என்று நினைத்திருந்தேன். இல்லை, அது காப்பீட்டுத் தொகையில் 2%. எங்கள் வீட்டுக்கு 3,50,000 டாலர் என்பதால் 7,000 டாலர் எங்கள் கையிலிருந்து போனது. ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வர வைத்திருந்த பணம் அது. உங்களுக்கு 2% என்றால் 8,000, 1% என்றால் 4,000. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் 1% கேட்டுப் பாருங்கள்.

வெள்ளம் சாதாரண பாலிசியில் சேராது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீட்டில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். 2017-ல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்காத இடங்களிலும் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பக்கத்தில் ஓடை இருந்தால் இதையும் விசாரியுங்கள்.

நம் வீடுகளில் முக்கியமானது நகை. திருட்டுப் போனால் நகைக்கு மொத்தமே 1,500 டாலர் என்று பல பாலிசிகளில் வரம்பு இருக்கும். இன்றைய தங்க விலைக்கு அது ஒரு தாலிக்கொடிக்கே பத்தாது. ரசீதோ மதிப்பீட்டுச் சான்றோ கொடுத்துத் தனியாகச் சேர்க்கலாம்.

வட்டி மாறாத கடன் என்றாலும் தவணை மாறும். எஸ்க்ரோவில், அதாவது கடன் கொடுத்தவர் தவணையோடு வசூலித்து வைக்கும் கணக்கில், இன்ஷூரன்ஸும் சொத்து வரியும் சேர்ந்திருப்பதால், பிரீமியம் ஏறினால் அடுத்த வருஷம் தவணையும் ஏறும். மாதக் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

ஒப்பந்தம் போட்டிருந்தால், இப்போது உங்கள் ஆப்ஷன் காலம் (காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள உரிமை உள்ள சில நாட்கள்) ஓடிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள், விற்பவரிடம் கூரை போட்ட வருஷத்தையும், வீட்டின் பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் காட்டும் க்ளூ ரிப்போர்ட்டையும் கேளுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, பல நிறுவனங்களின் பாலிசி விற்கும் ஏஜென்ட் ஒருவரிடம் சரியான முகவரி கொடுத்து, ஒரே டிடக்டபிளில் மூன்று விலை வாங்குங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.