விசாரணை முடியுமுன் விலகியவருக்கு யார் சான்று தருவார்?

கேள்வி: ஹட்டனில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் ஏழு ஆண்டுகள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். இருப்பில் குறைவு இருப்பதாகக் கூறிக் குற்றப்பத்திரம் தந்தார்கள். உள்ளக விசாரணைக்கு முதல் நாள் முகாமையாளர் கூப்பிட்டு, “நீயாக விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம், இல்லையென்றால் பொலிசுக்குப் போவோம்” என்றார். எழுதிக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வந்த சான்றிதழிலோ, “ஒழுக்காற்று விசாரணை நிலுவையில் இருக்கையில் விலகினார்” என்று இருக்கிறது. சேவைக்காலப் பணத்தைக் கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. இப்போது பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் களஞ்சிய வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த ஏழு ஆண்டுகளும் சொந்த வியாபாரம் செய்ததாக எழுதி, என் மைத்துனரைச் சான்று சொல்பவராகப் போடலாமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: கூடாது. இன்று உங்கள் மீது இருப்பது நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டு. இல்லாத வியாபாரத்தையும் பொய்யான சான்றாளரையும் எழுதி அந்த விண்ணப்பத்தில் கையொப்பமிட்டீர்களானால், எளிதாக நிரூபிக்கக்கூடிய ஒரு தவற்றை நீங்களே செய்தவராவீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தாலும், பொய்த் தகவல் தந்தார் என்பதற்காகவே உங்களை நீக்க அந்த ஹோட்டலுக்குக் காரணம் கிடைத்துவிடும். அது தெரியவராது என்றும் எண்ணாதீர்கள். மலையக நகரங்களின் வியாபார வட்டம் மிகச் சிறியது. உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளி தரப்பிலிருந்து 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதியில் ஏழு ஆண்டுகளாக உங்கள் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். சொந்த வியாபாரம் செய்தவருக்கு அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நீங்கள் அஞ்சும் அந்த வரியை நிதானமாக வாசியுங்கள். விசாரணை முடியவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஆகவே விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயரையும் காலத்தையும் உள்ளபடியே எழுதுங்கள். விலகிய காரணத்தைக் கேட்டால், “இருப்புக் குறைவு தொடர்பாக என் மீது குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது, விசாரணை நடக்குமுன் நான் விலகிவிட்டேன், எந்த முடிவும் எடுக்கப்படவில்லை” என்று, அவர்கள் வேறு வழியாக அறிவதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர்கள் கேட்கக்கூடியவற்றுக்கு ஆயத்தமாக இருங்கள்: களஞ்சியத்தின் திறப்பு யார் யாரிடம் இருந்தது, வந்த சரக்கைப் பொறுப்பேற்று ஒப்பமிட்டவர்கள் யார், கடைசியாக இருப்பு எண்ணப்பட்டது எப்போது, குறைவு எந்தப் பொருளில் காணப்பட்டது. பழைய முகாமையாளரைத் திட்டுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். எதிரில் இருப்பவரும் ஒரு முகாமையாளர்தான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். குற்றப்பத்திரத்துக்குப் பதில் எழுதினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அந்தக் குறைவு உங்கள் கையால் நேர்ந்ததா என்பதையும் சொல்லவில்லை. நேர்ந்திருந்தால், இன்னொரு களஞ்சியத்தின் பொறுப்பைக் கேட்பதற்கு முன் அதைத் தீர்ப்பதற்கு வழி தேடுங்கள். நேரவில்லையென்றால், அன்று எழுதாத பதிலை இன்று எழுதுங்கள். திகதியிட்டுப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பதில் தராமல் போகலாம். ஆனாலும், குற்றச்சாட்டை நீங்கள் எழுத்தில் மறுத்திருக்கிறீர்கள் என்பதற்கு அந்தப் பிரதி ஆதாரமாகும்.

சான்று சொல்பவர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். அங்கிருந்து ஏற்கெனவே விலகிச் சென்ற மேற்பார்வையாளரோ, ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வந்தவரோ ஒருவர் இருப்பார். அவரிடம் போய் முழுக் கதையையும் சொல்லி, குற்றப்பத்திரத்தையும் காட்டிய பின் சம்மதம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்கும்போதுதான் முதன்முறையாக அதை அறிகிறவர் உங்களுக்கு உதவ மாட்டார்.

இனி அந்த நிறுவனத்தைப் பற்றி. வேலை முடிந்தவர் கேட்டால், சேவை தொடங்கிய நாள், முடிந்த நாள், செய்த வேலை ஆகிய விவரங்களோடு சான்றிதழ் தருவது முதலாளியின் கடமை. அதைச் சலுகையாகக் காட்டிப் பேரம் பேசியதே தவறு. புதிய முதலாளி விசாரிக்கும்போது, நல்லெண்ணத்தோடு, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்பவருக்கு அவதூறு வழக்கில் பாதுகாப்பு உண்டு. விசாரிக்காத குற்றத்தை நிரூபிக்கப்பட்டதாக வன்மத்தோடு பரப்புகிறவருக்கு அது கிடையாது. நம் தோட்டங்களில் இருந்த துண்டு முறையில், தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாதிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. பழைய முதலாளியின் காகிதத்தில் மனிதனின் அடுத்த வேளைச் சோற்றைக் கட்டிவைத்த அந்த வழக்கத்தால் நம் பாட்டன்மார் பட்ட பாடு தெரிந்த ஊரில், இப்படியொரு மிரட்டல் நடந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

சேவைக்காலப் பணத்தைக் கேட்கப் பயப்படாதீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, அவர் தாமாகவே விலகியிருந்தாலும், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. அதை 30 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். மோசடி போன்ற காரணங்களுக்காக வேலை நீக்கம் செய்யப்பட்டவரிடம்கூட, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் அதைப் பிடித்துவைக்கலாம். உங்களையோ அவர்கள் நீக்கவே இல்லை. கொடுக்க மறுத்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. மிரட்டி வாங்கிய விலகல் கடிதத்தை, முதலாளி செய்த வேலை நீக்கமாகவே கருதும்படி தொழில் நியாய சபையில் வாதாட இடமிருக்கிறது. ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். நான்கு மாதங்கள் போய்விட்டன. முகாமையாளர் சொன்ன வார்த்தைகளையும், அப்போது அறையில் இருந்தவர்களின் பெயர்களையும் இன்றே எழுதிவைத்து, குற்றப்பத்திரம், விலகல் கடிதத்தின் பிரதி, சான்றிதழ் ஆகியவற்றுடன் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள்.