தம்பிக்குத் தோசை, அக்காவுக்கு ஓட்ஸ் கஞ்சியா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, வங்கியில் வேலை. ஒன்றரை வருடமாக, எல்லாரும் படுத்த பிறகு எழுந்து போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் தின்கிறாள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்குச் சம்படம் ஒரே ராத்திரியில் காலி. கேட்டால் அழுகை. நானும் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் வெந்நீரில் தேன், மதியம் இரண்டு சப்பாத்தி, ஏழு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஒன்பது மணிக்கு அவள் தம்பிக்குத் தோசை ஊற்றும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவு பிடிவாதம். மனநல மருத்துவர் இதை ஒரு நோய் என்கிறார். இதே பிரச்சினை உள்ள ஏழெட்டுப் பேரோடு வாரம் ஒருமுறை குழு சிகிச்சைக்கு வரச் சொல்கிறார். அதிலேயே எடைக்கும் வழி சொல்வார்களாம். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிந்துவிடாதா? எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அம்மா, மகளின் எடையை உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நான் அச்சிடவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொள்வதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அதைப் பிடிவாதம் என்கிறீர்கள். காலையிலிருந்து அரைப்பட்டினியாக வேலை பார்த்துவிட்டு வந்த பெண், ஏழு மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மணிக்குக் கல்லில் தோசை முறுகும் வாசனை வருகிறது. அது தம்பிக்கு. அவள் வேறு எங்கே போவாள்? ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரு பிள்ளைக்குத் தோசையும் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சியும் என்று வைத்தது யார்? உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த அக்கறை அவளிடம் போய்ச் சேரும்போது தண்டனையாகத்தான் சேர்கிறது.

ராத்திரி நடப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பகலெல்லாம் பட்டினி போட்ட உடம்பு, வீடு அடங்கியதும் விட்டதைக் கேட்டு வாங்குகிறது. பிடித்து நிறுத்த முடியாமல் வேகவேகமாக, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறாள். விடிந்ததும் அருவருப்பு, வெட்கம். அந்த வெட்கத்தில் அன்று இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறாள். அன்று ராத்திரி பசி இன்னும் அதிகம். இப்படிப் பிடித்து நிறுத்த முடியாமல் தின்பதற்கு பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால் அது நோய். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்துவிட்டது. பசி ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மனக்கஷ்டம், உடம்பைப் பற்றி வாங்கிய கேலி, குடும்ப வழியில் வருவது என்று எல்லாம் உண்டு. ஆனால் பட்டினியை நிறுத்தாமல் மற்றதில் எந்த மருத்துவரும் கைவைக்க முடியாது.

அதனால்தான் அந்தக் குழுவில் முதல் வேலையே சாப்பிடச் சொல்லித்தருவதாக இருக்கும். மூன்று வேளை ஒழுங்கான சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிறு தீனி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. என்ன சாப்பிட்டாள், எப்போது, எங்கே, அப்போது மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். அந்த நோட்டை நீங்கள் எடுத்துப் பார்க்கக் கூடாது. உடற்பயிற்சி, அளவறிந்து சாப்பிடுவது எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல்தான் வரும். அவளோ காலையில் அங்கே போய் இதைக் கற்றுக்கொண்டு, சாயங்காலம் உங்கள் வீட்டில் ஏழு மணிக் கஞ்சிக்குத் திரும்பி வந்தால், சிகிச்சை எப்படிப் பிடிக்கும்?

எத்தனை கிலோ என்று கேட்டீர்கள். அந்தக் கணக்கோடு அவளை அனுப்பாதீர்கள். இங்கிலாந்தின் 2017 வழிகாட்டுதல் இந்த நோய்க்கான குழு சிகிச்சையை வாரம் ஒன்றாக 16 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. எடையைக் குறைப்பது இதன் குறிக்கோள் ஆகாது என்பதை நோயாளியிடம் தெளிவாகச் சொல்லவும் சொல்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் உள்ள மருத்துவர்கள் உண்ணல் கோளாறுக்கும் எடைக்கும் சேர்த்தே ‘ஹாபிஃபெட்’ என்றொரு குழுத் திட்டம் வகுத்தார்கள். வழக்கமான பேச்சு சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, எடையைக் குறைப்பதில் அது மேலாக நிற்கவில்லை. ராத்திரித் தீனி அடங்கினால் எடை ஏறுவது நிற்கலாம், கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். கிலோவை முன்னால் வைத்தால் அவள் மறுபடி பட்டினி கிடப்பாள், கதை முதலிலிருந்து தொடங்கும். தைராய்டு, சர்க்கரை, நீர்க்கட்டி இதற்கெல்லாம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கிறாள், பேதி மாத்திரை போடுகிறாள் என்று தெரிந்தால் காத்திருக்காமல் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தியிலும் பேதியிலும் உடம்பின் பொட்டாசியம் என்ற உப்பு இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து.

அப்புறம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். இந்த நோய் வளர்வதே ஒளிவுமறைவில்தான். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கும் பெண், பக்கத்து நாற்காலியில் ஒருத்தி “நானும் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்று தின்பேன்” என்று சொல்லக் கேட்டால் எவ்வளவு பாரம் இறங்கும்! நீங்களும் நானும் ஆயிரம் சொன்னாலும் அது நடக்காது. வரன் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். பெற்ற பிள்ளையின் பசியை ஆற்றுவது முதல் கடமை, கல்யாணம் அதற்குப் பிறகு. நாளைக்கு நல்ல இடம் வந்தால், இதைச் சொல்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரியிலிருந்து நாலு பேருக்கும் ஒரே நேரம், ஒரே சாப்பாடு. தோசை என்றால் எல்லாருக்கும் தோசை. அவள் எத்தனை சாப்பிடுகிறாள் என்று எண்ணாதீர்கள். மகனிடமும் சொல்லிவையுங்கள், அக்காவின் தட்டைப் பார்த்துப் பேசக்கூடாது, சாப்பிட்டு முடித்தால் அடுத்த தோசையை அவனே ஊற்றட்டும். முறுக்குச் சம்படத்தை ஒளித்து வைக்க வேண்டாம். குழுவில் என்ன பேசினாள் என்றும் கேட்க வேண்டாம், அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும். மருத்துவர் குடும்பத்தை வரச் சொன்னால் அவள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.